பிள்ளையின் படிப்புத் தொடர் அறுந்துபோகாமல் இருக்க
ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி

இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய இடத்திற்கு வந்து சேர்ந்ததும் முதலிற் செய்யும் காரியங்களுள் ஒன்று, பிள்ளைகளை அருகிலுள்ள பாடசாலையிற் சேர்ப்பதாகும். சேர்த்த பின்னர் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்பவற்றைப் பற்றியே பெற்றோர் விசாரிப்பர். கையிற் காசில்லாத நிலையிலும் இவற்றுக்கு மாலை வகுப்புத் தேடுவர். வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி ஆகியவற்றைப் பற்றிக் கேட்போர் மிகக் குறைவு. "அது வாசித்துப் பாடமாக்குகிற பாடந்தானே, பிள்ளை பிறகு பார்த்துக்கொள்ளும்" என்பதே பலருடைய எண்ணம்.

இந்த எண்ணம் சரியானதன்று. இப்பாடங்களும் கணிதத்தைப் போலவே படிப்படியாகக் கட்டப்பட்டவை. ஒரு படி விடுபட்டால் அடுத்த படியில் நிற்பது கடினம். வருடத்தின் நடுவில் பாடசாலை மாறிய பிள்ளை பதினோராம் தரத்தில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு "ஒன்றும் விளங்கவில்லை" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல; இடையில் எங்கோ ஒரு தொடர் அறுந்திருக்கும். அந்தத் தொடர் எவ்வாறு அமைந்துள்ளது, எங்கே அறுகிறது, அதை எவ்வாறு முடிந்துகொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரையிற் பார்ப்போம்.

கலைத்திட்டம் என்றால் என்ன?

பாடப்புத்தகமே கலைத்திட்டம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறும்போது எவற்றை அறிந்திருக்க வேண்டும், எவற்றைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதை எந்த வயதில், எந்த ஒழுங்கில், எத்தனை பாடவேளைகளிற் கொடுப்பது என்று வகுத்த முழு ஏற்பாடே கலைத்திட்டம். பாடப்புத்தகம் அதன் ஒரு கருவி மாத்திரமே.

கமக்காரருக்கு இது புதிய விடயமல்ல. பெரும்போகத்தில் எந்த வயலில் எவ்வின நெல், சிறுபோகத்திற்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும், எந்தத் துண்டில் உழுந்து அல்லது பயறு போடுவது என்பவற்றை விதைப்பதற்கு முன்னரே குளத்தடிக் கூட்டத்திற் பேசித் தீர்மானிக்கிறோம். அறுவடையை மனத்தில் வைத்துக்கொண்டே விதைப்பைத் தீர்மானிக்கிறோம். கலைத்திட்டம் வகுப்போரும் அவ்வாறே முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். பதினோராம் தரத்தில் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்தாலே ஆறாம் தரத்தில் எங்கே தொடங்குவது என்பது தெரியும்.

இத்திட்டமிடலில் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்:

1. எல்லாப் பிள்ளைகளும் கட்டாயமாகப் பெறவேண்டியவை எவை?
2. எது முன்னே, எது பின்னே வரவேண்டும்?
3. எவற்றை ஒரு தடவை மாத்திரம் படித்தாற் போதும், எவற்றிற்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரவேண்டும்?
4. பிள்ளை உண்மையாகக் கற்றுக்கொண்டது என்பதை எவ்வாறு அறிவது?

எமது நாட்டில் இப்பாடங்கள் வந்த வழி

இலங்கையில் 1972 இல் நடைபெற்ற கல்விச் சீர்திருத்தத்தின்போது வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவை ஒன்றாக இணைக்கப்பட்டுச் சமூகக் கல்வி என்னும் ஒரே பாடமாக்கப்பட்டன. ஆறு தொடக்கம் ஒன்பது வரையான வகுப்புகளுக்குப் பொதுக் கலைத்திட்டம் ஒன்று வந்தது. அதன் முடிவில் நடத்தப்பட்ட தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை 1975 இல் முதன்முதலாக நடைபெற்றது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின்னர் அப்பரீட்சை கைவிடப்பட்டு க.பொ.த. சாதாரண தரம் மீண்டும் வந்தது. ஆனாற் சமூகக் கல்வி நிலைத்து நின்றது. எனவே இன்று பெற்றோராகவும் பாட்டன் பாட்டியாகவும் இருப்பவர்களுட் பலர் வரலாற்றைத் தனிப் பாடமாக அல்லாது சமூகக் கல்வியின் ஒரு பகுதியாகவே படித்தவர்கள்.

1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய கல்வி நிறுவகம் உருவாக்கப்பட்டது. மகரகமவிலுள்ள இந்நிறுவகமே பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தயாரிக்கிறது. பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடுகிறது. அவை 1980 முதல் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன.

2007 இல் பெரிய மாற்றமொன்று ஏற்பட்டது. வரலாறு தனிப் பாடமாகப் பிரிக்கப்பட்டு, ஆறாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை கட்டாயமாக்கப்பட்டது. புவியியலும் குடியுரிமைக் கல்வியும் வேறு வேறு பாடங்களாயின. பிள்ளை எதைத் தெரிந்திருக்கிறது என்பதோடு நில்லாமல், எதைச் செய்ய வல்லது என்பதையும் நோக்கும் 'தேர்ச்சி' முறையில் இப்பாடத்திட்டங்கள் எழுதப்பட்டன.

இம்மாற்றம் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நாளில் வரவில்லை. 2007 இல் ஆறாம், பத்தாம் தரங்களிலும், 2008 இல் ஏழாம், பதினோராம் தரங்களிலும், பின்னர் எட்டிலும் ஒன்பதிலும் ஒவ்வொரு வருடமாக நடைமுறைக்கு வந்தது. 2015 இல் தொடங்கிய அடுத்த திருத்தமும் இதே ஒழுங்கில் ஆறிலும் பத்திலும் தொடங்கியது. ஏன் இப்படி? ஆறாம் தரம் கனிஷ்ட இடைநிலைப் பிரிவின் தொடக்கம். பத்தாம் தரம் சிரேஷ்ட இடைநிலைப் பிரிவின் தொடக்கம். தொடக்கத்திற் புதியதைப் புகுத்தினால் அந்த அணி பிள்ளைகள் முடிவு வரை ஒரே வரிசையிற் செல்வர். நடுவிற் புகுத்தினால் ஒரு பகுதியை இரு தடவை படிப்பதும், வேறொரு பகுதியைப் படிக்காமலே போவதும் நேரும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கலைத்திட்டம் வகுப்போர் எந்தத் துன்பம் பிள்ளைகளுக்கு நேரக்கூடாது என்று இத்தனை கவனம் எடுத்தார்களோ, அதே துன்பம்தான் இடம்பெயரும் பிள்ளைக்கு நேர்கிறது. நடுவழியில் வரிசை மாறுகிறது. அதைச் சரிசெய்வதற்கான ஏற்பாட்டை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதி வைக்க முடியாது. பாடசாலையும் பெற்றோருமே செய்துகொள்ள வேண்டும்.

வரிசைப்படுத்தும் இரண்டு முறைகள்

முதலாவது கால ஒழுங்கு முறை. பழைய காலத்தில் தொடங்கி இன்றைய காலத்திற்கு வருவது. வரலாற்றுப் பாடம் பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது. ஆதி மனிதர், பழைய நாகரிகங்கள், அநுராதபுரம், பொலனறுவை, அதன் பின்னரான இராசதானிகள், ஐரோப்பியர் வருகை என்று கீழ் வகுப்பிலிருந்து மேல் வகுப்பிற்குச் செல்கிறது.

இரண்டாவது விரியும் வட்ட முறை. குளத்திற் கல்லெறிந்தால் அலை விரிவது போன்று, வீடு, பாடசாலை, கிராமம், மாவட்டம், நாடு, உலகம் என்று செல்வது. புவியியலும் குடியுரிமைக் கல்வியும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. முதலில் வீட்டுச் சூழல், பின்னர் நாடு, அதன் பின்னர் உலகம். குடியுரிமைக் கல்வியிலும் குடும்பம், பாடசாலை, பிரதேச சபை, மாகாண சபை, பாராளுமன்றம் என்ற ஒழுங்கு காணப்படும்.

இரண்டு முறையிலும் நன்மையுண்டு, குறையுமுண்டு. கால ஒழுங்கு முறையில் சிறு வயதிலேயே பிள்ளை தனக்கு மிகத் தூரமான காலத்தைப் படிக்க வேண்டியுள்ளது. பாட்டனாருடைய காலத்தைப் பற்றிப் படிக்கப் பதினோராம் தரம் வரை காத்திருக்க வேண்டும். விரியும் வட்ட முறையில் தொடக்கம் எளிதாக இருக்கும். ஆனால் அந்த வட்டத்தின் நடுப்புள்ளியான வீடு எது என்பதே இடம்பெயர்ந்த பிள்ளைக்குச் சிக்கலாகிவிடுகிறது.

"உமது கிராமத்தின் படத்தை வரைக" என்று ஆசிரியர் சொல்கிறார். எந்தக் கிராமம்? இப்போது கொட்டில் போட்டிருக்கும் இடமா, பெற்றோர் நாளாந்தம் பேசிக்கொள்ளும் ஊரா? 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாடசாலை செல்லும் வயதினர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் நிலையும் இதுவே. பல பிள்ளைகள் தமது ஊர் என்று சொல்லப்படுவதைக் கண்ணாலும் கண்டதில்லை. இதற்கு எளிய வழி, இரண்டு படங்கள் வரைவது. ஒன்று பிள்ளை இப்போது நடந்து திரியும் இடம். மற்றையது பெரியவர்களைக் கேட்டு வரையும் சொந்த ஊர். கோயில், மசூதி, தேவாலயம், குளம், வாய்க்கால், சந்தை, பாடசாலை, பொதுக் கிணறு ஆகியவற்றை இரண்டிலும் குறிக்கச் செய்க. படம் வரையும் திறனை ஒன்றுக்கு இரண்டாகப் பிள்ளை பழகுகிறது. ஊரைப் பற்றிய அறிவும் அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது.

இரண்டு சுற்றுப் படிப்பு

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960 இல் வெளியிட்ட நூலொன்றில் 'சுருள் முறைக் கலைத்திட்டம்' என்னும் கருத்தை விளக்கினார். முக்கியமான ஒரு கருத்தைச் சிறு வயதில் எளிய வடிவிற் கற்பித்து, பின்னர் வயது ஏற ஏற அதே கருத்துக்குத் திரும்பி வந்து ஆழமாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மண்ணை முதலுழவு உழுது விட்டு, மறு உழவு உழுது, பின்னர் பலகையடிப்பதைப் போன்றது. நிலம் அதே நிலந்தான். ஒவ்வொரு தடவையும் வேலை வேறு.

எமது வரலாற்றுப் பாடத்தில் இவ்வாறு இரண்டு சுற்றுகள் உள்ளன. ஆறு தொடக்கம் ஒன்பது வரை முதலாவது சுற்று. பத்திலும் பதினொன்றிலும் இரண்டாவது சுற்று. 2015 இல் தொடங்கிய திருத்தத்தின்படி பத்தாம் தரம் வரலாற்று மூலாதாரங்களிலிருந்து தொடங்கி, பண்டைய குடியிருப்புகள், அரசியல் அதிகாரத்தின் வளர்ச்சி, பண்டைய சமூகமும் தொழினுட்பமும், உலர்வலய நகரங்களின் வீழ்ச்சி, கண்டி இராச்சியம், மேலைத்தேயத்தவர் வருகை என்று சென்றது. பதினோராம் தரம் கைத்தொழிற் புரட்சி, பிரித்தானிய ஆட்சி, சுதந்திரத்தின் பின்னரான அரசியல் மாற்றங்கள், உலகின் முக்கிய புரட்சிகள், உலகப் போர்கள் ஆகியவற்றைக் கொண்டிருந்தது. சீர்திருத்தங்கள் வரும்போது அலகுகளின் பெயரும் ஒழுங்கும் மாறலாம். ஆகவே உங்கள் பிள்ளையின் தரத்திற்கு நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்தைப் பாடசாலையிற் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு சுற்று ஒழுங்கு இடம்பெயர்ந்த பிள்ளைக்கு ஒரு வாய்ப்பாகும். ஏழாம் தரத்திலோ எட்டாம் தரத்திலோ இழந்த பாடம் பத்தாம் தரத்தில் வேறொரு வடிவில் திரும்பி வருகிறது. "எல்லாம் போய்விட்டது" என்று கைவிடத் தேவையில்லை.

ஆனாற் புவியியலுக்கும் குடியுரிமைக் கல்விக்கும் இந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒன்பதாம் தரம் வரை எல்லோரும் இவற்றைப் படிக்கின்றனர். பத்தாம் தரத்தில் இவை விருப்பப் பாடங்களாகிவிடுகின்றன. வேறு பாடத்தைத் தெரிவு செய்யும் பிள்ளைக்கும், அப்பாடத்திற்கு ஆசிரியரில்லாத சிறிய பாடசாலையிற் படிக்கும் பிள்ளைக்கும் ஒன்பதாம் தரமே கடைசி. எனவே படம் வாசித்தல், அளவுத்திட்டம், உள்ளூராட்சி நிறுவனங்களின் கடமைகள், அடிப்படை உரிமைகள் என்பவை ஒன்பதாம் தரம் முடிவதற்குள் பிள்ளையின் கைக்கு வந்துவிட வேண்டும். பாடசாலைகள் வருடத் திட்டம் வகுக்கும்போது இதனை மறந்துவிடலாகாது.

ஒரு பொருள், ஆறு வருடங்கள்: நீரும் நிலமும்

மூன்று பாடங்களையும் ஆறு வருடங்களுக்கு ஒரு சரடிற் கோப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறோம். இது அரசின் பாடத்திட்டமல்ல. பாடத்திட்டத்தோடு சேர்த்து, கிராமத்து அறிவையும் உள்ளே கொண்டு வருவதற்கு ஆசிரியர் பயன்படுத்தக்கூடிய ஒரு துணைத் திட்டமாகும். கமக்காரப் பிள்ளைகளுக்கு மிகவும் பழக்கமான நீரும் நிலமும் என்பதையே பொருளாக எடுத்துள்ளோம்.

ஆறாம் தரம்: வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிணறு, துரவு, குளம், குழாய் என்பவற்றைப் பிள்ளை படத்திற் குறிக்கிறது. ஆதி நாகரிகங்கள் நைல், சிந்து, யூப்ரட்டீஸ், தைகிரிஸ் நதிக்கரைகளில் ஏன் தோன்றின என்பதோடு இதனை இணைக்கலாம்.

ஏழாம் தரம்: பண்டைய குளங்கள். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரிக் குளம், முதலாம் பராக்கிரமபாகுவின் காலத்துப் பராக்கிரம சமுத்திரம் என்பவற்றோடு மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தையும் படிக்கலாம். பழைய குளமொன்று பிரித்தானியர் காலத்தில் மீண்டும் திருத்தப்பட்டு, இன்றும் வயல்களுக்கு நீர் கொடுக்கிறது என்பதைப் பிள்ளை அதிற் காணும். அணைக்கட்டு, துருசு, வான் என்ற சொற்களைப் பிள்ளைக்கு விளக்க உங்களை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

எட்டாம் தரம்: காணியும் பதிவும். ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்து வைத்த தோம்பு, 1707 இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமை, அதிலுள்ள ஒற்றி, முதுசம், சீதனம் போன்ற வழக்கங்கள். உறுதி என்றால் என்ன, அதை ஏன் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்பதை இங்கே பேசலாம்.

ஒன்பதாம் தரம்: முடிக்குரிய நிலம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரிமையை ஆவணத்தாற் காட்ட முடியாத காணிகளை அரசின் உடைமையாகக் கொள்ள வழி செய்தது. மலைநாட்டிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவியமை, அதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டமை என்பன இதனோடு தொடர்புடையவை. குடியுரிமைக் கல்வியில் பிரதேச செயலகம், பிரதேச சபை, கமநல சேவை நிலையம் ஆகியவற்றின் வேறுபாடு. எந்த அலுவலுக்கு எந்த அலுவலகம் என்பது பெரியவர்களுக்கே பல வேளைகளிற் குழப்பமாக உள்ளது.

பத்தாம் தரம்: சான்றுகளைச் சோதித்தல். கல்வெட்டு, நாணயம், இலக்கியம், அகழ்வாய்வு ஆகியவை வரலாற்றின் மூலாதாரங்கள். கிராமத்திலுள்ள பழைய உறுதி, பங்கீட்டு அட்டை, கோயிற் கணக்கு, முதியவரின் வாய்மொழி என்பவையும் சான்றுகளே. ஒரே சம்பவத்தை இரண்டு முதியவர்களிடம் கேட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று பிள்ளை எழுதட்டும்.

பதினோராம் தரம்: எமது காலம். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அதன் கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம், குடியேற்றத் திட்டங்கள், அவற்றால் ஏற்பட்ட நன்மைகளும் இனங்களுக்கிடையிலான பிணக்குகளும், போர், இடப்பெயர்வு. ஆறாம் தரத்திற் கிணற்றடியிற் தொடங்கிய பிள்ளை, குடும்பம் ஏன் இங்கே வந்து நிற்கிறது என்ற கேள்விக்கு இப்போது ஆதாரத்தோடு விடை தேடும் நிலைக்கு வருகிறது.

பாடப்புத்தகங்களில் யாழ்ப்பாண இராச்சியம், வன்னிச் சிற்றரசுகள், தமிழ், முஸ்லிம், மலையக மக்களின் வரலாறு ஆகியவற்றுக்குப் போதிய இடமில்லை என்ற குறை நீண்ட காலமாகக் கூறப்பட்டு வருகிறது. மொழிபெயர்ப்புக் குறைகளும் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. இவற்றைத் திருத்தும்படி கேட்பது எமது உரிமை. ஆனாற் திருத்தம் வரும்வரை காத்திராமல், இத்தகைய துணைத் திட்டத்தின் மூலம் விடுபட்டதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதேவேளை, மற்றச் சமூகங்களின் வரலாற்றையும் பிள்ளை நியாயமாகக் கற்க வேண்டும். எமது வரலாற்றை மற்றவர் அறியவில்லை என்று வருந்துவோர் அதே குறையைத் தமது பிள்ளையிடம் வளர்க்கலாகாது.

எங்கே அறுகிறது?

பாடசாலை மாறும் பிள்ளைக்கு மூன்று வகையான இடைவெளிகள் ஏற்படுகின்றன.

முதலாவது, செய்தி இடைவெளி. ஒரு காலப்பகுதி அல்லது ஓர் அலகு படிக்கப்படாமற் போவது. இது கண்ணுக்குத் தெரியும், எளிதில் நிரப்பலாம்.

இரண்டாவது, திறன் இடைவெளி. நூற்றாண்டைக் கணக்கிடல், கி.மு., கி.பி. என்பவற்றை விளங்கிக்கொள்ளல், படத்தின் திசையையும் அளவையும் அறிதல், காரணத்தையும் விளைவையும் பிரித்தெழுதல் போன்றவை. இது வெளியே தெரியாது. ஆனால் மேல் வகுப்பிற் பிள்ளையை விழுத்துவது இதுவே. 1658 என்பது 17 ஆம் நூற்றாண்டு என்பது விளங்காத பிள்ளைக்கு எத்தனை தடவை பாடத்தை வாசித்தும் பயனில்லை.

மூன்றாவது, பதிவு இடைவெளி. எந்த அலகு வரை படித்தது என்பதற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லாமை. புதிய ஆசிரியர் ஊகித்தே தொடங்க வேண்டியுள்ளது.

இவற்றுட் திறன் இடைவெளியையே முதலில் நிரப்ப வேண்டும். அதற்குச் செலவில்லாத இரண்டு பயிற்சிகளைத் தருகிறோம்.

காலக் கயிறு: இரண்டரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய கயிறொன்றை எடுங்கள். ஒரு சென்ரிமீற்றர் பத்து வருடங்கள் என்று கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு பக்கத்தில் மூன்று சென்ரிமீற்றர் விட்டு 2000 ஆம் ஆண்டுக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி அளந்தால் 1948 இன் சுதந்திரம் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். 1815 இற் கண்டி வீழ்ந்தது பதினெட்டரையில். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658 முப்பத்துநான்கில். போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த 1619 முப்பத்தெட்டில். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த 1505 ஏறக்குறைய அரை மீற்றரில். சோழர் அநுராதபுரத்தைக் கைப்பற்றிய காலம் ஒரு மீற்றரளவில். இரண்டு மீற்றரிற் கி.மு. முடிந்து கி.பி. தொடங்குகிறது. அதற்கு அப்பாலுள்ளது கி.மு. ஒவ்வோர் இடத்திலும் நிறத்துணி கட்டுங்கள். ஐரோப்பியர் காலம் முழுவதும் நாற்பத்துநான்கு சென்ரிமீற்றருக்குள் அடங்குவதையும், அநுராதபுரக் காலம் கயிற்றின் பாதியைப் பிடிப்பதையும் பிள்ளை கண்ணாற் காணும். இனிமேல் எந்த ஆண்டைக் கேட்டாலும் அது கயிற்றில் எங்கே என்று பிள்ளைக்கு விளங்கும்.

படத்தில் வயலைத் தேடல்: நில அளவைத் திணைக்களம் வெளியிடும் இடவிளக்கப் படங்கள் 1:50,000 என்ற அளவில் உள்ளன. அதாவது படத்தில் இரண்டு சென்ரிமீற்றர் நிலத்தில் ஒரு கிலோமீற்றர். படத்தின் ஒரு சதுர சென்ரிமீற்றர் நிலத்தில் ஏறக்குறைய 62 ஏக்கர். இரண்டு ஏக்கர் வயல் அப்படத்தில் இரண்டு மில்லிமீற்றரும் இல்லாத சிறு சதுரமே. பாடசாலையிலுள்ள படத்தில் உங்கள் ஊர்க் குளத்தைப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். குளத்திலிருந்து வயல் எந்தத் திசை, எத்தனை கட்டை என்று நீங்கள் சொல்ல, பிள்ளை கிலோமீற்றருக்கு மாற்றி அளந்து இடத்தைக் குறிக்கட்டும். ஒரு கட்டை ஏறக்குறைய 1.6 கிலோமீற்றர்.

போகமும் தவணையும்

வழமையாகத் தை மாதத்தில் முதலாந் தவணை தொடங்கும். அதே காலத்திற் பெரும்போக அறுவடையும் தொடங்குகிறது. சொந்த வயல் இல்லாத இடம்பெயர்ந்த குடும்பங்கள் அருவி வெட்டுக் கூலிக்குச் செல்லும்போது, மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நிற்கின்றனர். ஒவ்வொரு வருடமும் அதே வாரங்களில் அதே அலகுகள் விடுபடுகின்றன. இலங்கையிற் கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. எனவே பிள்ளையை மறிப்பது சட்டத்துக்கும் முரண். ஆயினும் நிலைமை இதுவென்றால், அதிபரும் ஆசிரியரும் அவ்வாரங்களிற் புதிய அலகைத் தொடங்காமல், கயிறு, படம், முதியோரிடம் கேட்டெழுதல் போன்ற வேலைகளை வைக்கலாம். வராத பிள்ளையும் வீட்டிலிருந்தே அதைச் செய்து கொண்டுவரலாம். பெற்றோர் இதனைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற் கேட்டால் ஆசிரியருக்கும் துணிவு வரும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரத்தோடு தேர்ச்சி அறிக்கையையும் பெற்றுக்கொள்ளுங்கள். அவசரத்தில் எதுவும் கிடைக்காவிட்டாலும் பிள்ளையின் கொப்பிகளைக் கைவிடாதீர்கள். எந்த அலகு வரை படித்தது என்பதற்கு அவையே சாட்சி.

2. ஒவ்வொரு தவணை முடிவிலும், மூன்று பாடங்களிலும் முடிந்த அலகுகளை ஒரு தாளில் எழுதி, ஆசிரியரின் கையெழுத்தோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துடன் சேர்த்துப் பொலித்தீன் உறையில் வையுங்கள்.

3. புதிய பாடசாலையில், "பிள்ளை எந்த அலகிலிருந்து தொடங்க வேண்டும்? முன்னைய தரத்துப் புத்தகம் கிடைக்குமா?" என்று கேளுங்கள். முன்னைய தரத்துப் பழைய புத்தகங்களைச் சேர்த்து வைப்பதற்குச் சங்கத்தில் ஒரு பெட்டி ஒதுக்கலாம்.

4. ஒன்பதாம் தர முடிவில் விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்யும்போது அந்தப் பாடத்திற்கு ஆசிரியர் உண்டா என்பதை முதலில் அறியுங்கள். உயர்தரம் செல்ல, தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும் அவற்றுள் மூன்றிற் திறமைச் சித்தியும் பொதுவாகத் தேவை. கட்டாயப் பாடமான வரலாறு இந்த ஆறில் ஒன்றாக உதவக்கூடியது.

5. கிழமையில் ஒரு மாலை பிள்ளைக்கு ஊர்க்கதை சொல்லுங்கள். ஆண்டு தெரிந்தால் ஆண்டைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "சூறாவளிக்கு முதல்", "குளம் உடைத்த வருடம்" என்று சொல்லுங்கள். அது எந்த ஆண்டு என்று பிள்ளை தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 23 ஆவது, இடம்பெயர்ந்த பிள்ளைகளின் கல்வி உரிமையைப் பற்றியது. பெண்பிள்ளைகளும் முழுமையாகப் பங்குபெற வேண்டும் என்று அது விசேடமாகக் கூறுகிறது. பாடசாலையில் இடம் கிடைப்பதோடு அந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. தொடர்ச்சியாகவும் விளங்கிக்கொண்டும் படிப்பதே முழுமையான கல்வி. காணி திரும்பக் கிடைக்கும் நாளில், உறுதியை வாசிக்கவும், படத்தில் எல்லையைக் காட்டவும், உரிய அலுவலகத்தில் உரியதைக் கேட்கவும் தெரிந்த பிள்ளைகள் எமக்கு வேண்டும். அதற்கான பாடங்கள் இவையே.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது முகாமில் அல்லது கிராமத்தில் கடந்த இரண்டு வருடங்களிற் பாடசாலை மாறிய பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எந்தத் தரத்தில் மாறினர்?
2. அறுவடைக் காலத்திற் பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைகளை ஒருவர் வீட்டிற் சேர்த்துப் பார்க்க ஒழுங்கு செய்ய முடியுமா?
3. ஊரின் குளம், வாய்க்கால், காணி பற்றி நன்கறிந்த முதியோர் யார்? அவர்களை எந்தத் தரத்து வகுப்புக்கு அழைக்கலாம்?
4. காலக் கயிற்றை யார், எந்த நாளிற் செய்து பாடசாலைக்குக் கொடுப்பது?